ஒண்டரை மணித் தண்ணி

கட்டாரிலை இவருக்கு வேலை முடிய
இரவு பதினொரு மணி.
எங்கடை சிறுப்பிட்டியிலை அது ஒண்டரை.
கொம்பனி பஸ்ஸுக்குள்ளை ஏறி இருந்துகொண்டு
போனை ஒருக்காத் தட்டுவார்.
இங்கை, கிணத்தடி அறைக்குள்ளை
மோட்டர் உறுமும்.

போன வருசம் லீவிலை வந்தவர்
சின்னப் பெட்டி ஒண்டு கொண்டுவந்து
சுவிச்சுப் பலகைக்குப் பக்கத்திலை பூட்டினார்.
அதுக்குள்ளை ஒரு சிம்.
"இனி நீ கிணத்தடிக்கு ஓடத் தேவையில்லை" எண்டார்.
சந்தோசமாய்த்தான் இருந்தது.
கண்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னன்.
பக்கத்துத் தறைப் புஸ்பமலர் வந்து
பெட்டியைத் தொட்டுப் பார்த்திட்டுக்
கையைச் சீலையிலை துடைச்சாள்.

மோட்டரைப் போடத்தான் நான் தேவையில்லை.
தண்ணி மாற?
பாத்திக்குப் பாத்தி வாய் வெட்டி,
நிறைய மண்ணை இழுத்து அடைச்சு,
அடுத்த வாய் திறக்க
கட்டாரிலை இருந்து ஒரு கை நீளாது.

அதாலை ஒண்டரைக்கு எழும்புறன்.
சின்னவள் நித்திரையிலை தடவித் தேடுவாள் எண்டு
என்ரை சட்டையைச் சுருட்டி அவளுக்குப் பக்கத்திலை வைச்சிட்டு,
போனைப் பல்லாலை கவ்வி
வெளிச்சம் நிலத்திலை விழ
மண்வெட்டியோடை நிண்டால்
பல்லுக்குள்ளை போன் அதிரும்.

"என்ன, தண்ணி போகுதே?"
போகுது.
"எத்தினையாம் பாத்தி?"
பதினேழு.
"ஏன் இன்னும் பதினேழு?"

ஓடின மணித்தியாலம் அங்கை அவருக்கு விழும்,
கரண்டுக் கணக்கோடை.
ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கினது எண்டு
என்ரை கால் பெருவிரலுக்குத் தெரியும்.
அதை அனுப்ப வழியில்லை.

தைப்பூசத்துக்கு முதல் கிழமை
தங்கச்சியின்ரை சீட்டுக் காசிலை ஒரு கதை வந்தது.
நான் ஒண்டு சொன்னன், அவர் இரண்டு சொன்னார்.
அண்டைக்கு ஒண்டரைக்கு மோட்டர் உறுமேல்லை.
அடுத்த நாளும் இல்லை.
மூண்டாம் நாள் வெங்காயத் தாள் நுனி
மஞ்சளாகிச் சுருண்டது.
சுவிச்சை நான் போட்டுப் பார்த்தன்.
பெட்டி டிக் எண்டு நிப்பாட்டிச்சுது.
அடிச்சால் ஒரு தழும்பாவது இருக்கும்.
இதுக்கு ஆருக்கு என்னத்தைக் காட்டுறது?
நாலாம் நாள் நான்தான் எடுத்து
"பிழை என்னிலைதான்" எண்டன்.
சொல்லி முடிய முன்னம் தண்ணி வந்தது.

அச்சுவேலிச் சந்தியிலை போன் திருத்துற கடை.
அங்கை நிக்கிற யதுர்ஷிகாவுக்கு
இருபது வயசும் இராது.
நான் எடுத்துப்போன படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தாள்.
"அக்கா, இது முகம் பாக்காது, நம்பரைத்தான் பாக்கும்.
கீழை ஒரு ஓட்டை இருக்கு.
ஊசி விட்டுப் பத்து எண்ணுங்கோ,
எல்லாம் மறந்திடும்."
காசு வேண்ட மாட்டன் எண்டாள்.
நூறு ரூபாய்க்கு றீலோட் போட்டுக்கொண்டு வந்தன்.

சட்டையிலை குத்தியிருந்த ஊசியைக் கழட்டி
எண்ணத் தொடங்கினன்.
ஏழிலை கை நடுங்கினது.
பத்தோடை நிப்பாட்டப் பயந்து
பன்னிரண்டு மட்டும் எண்ணினன்.
பச்சை லைற் அணைஞ்சு, மினுங்கி,
ஆரையும் தெரியாத பிள்ளை மாதிரி முழிச்சுது.
என்ரை நம்பரை அடிச்சன்.

இப்ப இறைப்பு விடிய ஐஞ்சரைக்கு.
பாம்பு கிடந்தால் தெரியிற வெளிச்சம்.
சின்னவள் வரம்பிலை குந்தியிருந்து பல்லுத் தீட்டுறாள்.
வாய்க்கால் தண்ணியிலை கொப்பளிக்காதை எண்டு
ஒவ்வொரு நாளும் பேசவேண்டிக் கிடக்கு.

ஒண்டரைக்கு இன்னும் எனக்கு முழிப்பு வருது.
நேற்றுப் போன் அடிச்சது.
"பெட்டி பழுதோ? ஒண்டும் காட்டுதில்லை."
"இருக்கும்" எண்டன்,
"மழைத் தண்ணி போயிருக்கும்."

கொஞ்ச நேரம் அவர் பேசேல்லை.
பஸ் இரையிறது கேட்டது,
ஆரோ இருமினதும்.
பிறகு மெல்லமாய்,
"அங்கை மழையே?" எண்டார்.