வெற்று எண்ணிக்கை

மணவாளக்குறிச்சி. இரவு ஷிப்ட்.
மண்ணை வைப்பதற்கு முன்
ஈயக் கூட்டைக் காலியாக மூடிப்
பத்து நிமிடம் எண்ண வேண்டும். விதி.
உள்ளே துடைத்த தட்டு, வேறொன்றுமில்லை.
ஆனாலும் டிக்.
கொஞ்சம் பொறுத்து டிக் டிக்.
பிறகு, மறந்தே போய்விட்டது என்று நினைக்கும்போது
ஒன்று.

சேர்ந்த வருஷம் கருவி பழுதென்று எழுதிக்கொடுத்தேன்.
மெக்கானிக் வந்தார், திறந்தார், மூடினார்.
"காலியா இருந்தாலும் அடிக்கும் மேடம்,
செவுத்துலேருந்து வரும், வானத்துலேருந்து வரும்,
கழிச்சுக்கிட்டா போதும்."

சாம்பிள் சாக்கு கொண்டுவருகிறவர் சூசைமிக்கேல்.
சின்னவிளை. முன்பு வள்ளத்தில் போனவர்.
கட்டன் சாயா ஆறும்வரை நிற்பார்.
அன்றைக்கு நான்தான் வாயைக் கொடுத்தேன்:
இந்தத் தேன்நிறப் பொடியில் இருக்கிற தோரியம்
பாதியாகக் குறைய ஆயிரத்து நானூறு கோடி வருஷம்.
பிரபஞ்சத்துக்கே இன்னும் அத்தனை வயசாகவில்லை.
எங்கேயோ நட்சத்திரங்கள் முட்டிச் செத்தபோது பிறந்தது,
இப்போது உங்கள் சாக்கில்.

"அப்பொ அந்த நச்சத்திரத்த ஆரு செய்தது?"
தூசு, என்றேன்.
"தூச?"
அதற்கு முந்தின வெப்பம்.
"வெப்பத்த?"
சாயாவை ஊதினேன்.

அவர் விடவில்லை.
"ஆயிரம் கண்ணு உள்ள வலையானாலும்
மொத முடிச்சுண்ணு ஒண்ணு உண்டும்.
போட்ட கையுண்ணு ஒண்ணு உண்டும்."
அந்தக் கையை முடிந்த கை?
சிரித்தார். "அங்க போயி நிண்ணுரணும் பிள்ளே."
நிற்பதென்றால் நூலிலேயே நின்றுகொள்கிறேன்,
ஒரு முடிச்சாவது மிச்சம், என்றேன்.

மண்ணை வைத்து மூடினேன்.
ஓட்டின்மேல் மழைபோல் பிடித்துக்கொண்டது சத்தம்.
கேளுங்கள், இதில் ஒவ்வொரு துளியும் ஓர் அணு உடைவது.
இது ஏன் இப்போது, பக்கத்தில் இருப்பது ஏன் இல்லை?
புத்தகம் கைவிரிக்கிறது.
சராசரி உண்டு, காரணம் கிடையாது.
காரணமில்லாமல் இத்தனை நடக்கும் என்றால்
முதலாவதும் அப்படியே நடந்திருக்கலாமே.
சொன்னதும் என் வாதம் எனக்கே
கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

அவர் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.
"ஒக்கியில எங்க அருளப்பன் போனான்.
ஆபீசுல ஒரு எண்ணிக்கை எழுதினாவ,
கோயில்ல ஒரு எண்ணிக்கை எழுதினாவ,
ரெண்டும் ஒத்துவரல்ல.
தொடங்கி வச்சவன் இருக்கானா இல்லியா,
அத நீங்க பேசி முடியுங்க.
எனக்கு வேண்டியது கடைசீல எண்ணுகவன் ஒருத்தன்.
விட்டுப்போகாம எண்ணுகவன்."

அது வேறு கேள்வி என்று சொல்லியிருக்கலாம்.
வேறு கேள்விதான்.
வெறும் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனார்,
தரையில் கொஞ்சம் கறுப்பும் சிவப்பும் மின்னியது.

குமரியம்மனின் கல்யாணம் நின்றுபோய்
வேகாத அரிசி மணலாயிற்று என்று சொல்கிற கரை இது.
சின்ன வயதில் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன், அவளுக்காக.
இப்போது பெருக்கி அள்ளும்போது தோன்றுகிறது:
செய்தவன் இல்லை, தானாக வந்ததும் இல்லை அந்தக் கதையில்.
நடக்காமல் போன ஏதோ ஒன்றின் மிச்சம்,
அதன்மேல் நடக்கிறோம்.
இதை ஆய்வக நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரண்டு மணிக்கு மறுபடி காலிக் கூடு.
இருநூற்றுப் பதிமூன்று.
நேற்று நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூட பூஜ்யம் எழுதியதில்லை.
கழித்தேன், கையெழுத்திட்டேன்.

பிறகு, விதியில் இல்லாமல்,
இன்னொரு பத்து நிமிடம் ஓடவிட்டேன்.
திரையை அணைத்துவிட்டு
காதால் கேட்டு
பழைய காலண்டரின் முதுகில் கோடு கோடாக.
எண்பத்தேழில் கேட்டில் லாரி ஹாரன்.
ஒன்று விட்டுப்போயிற்றா
இரண்டா,
தெரியவில்லை.