ஏழாவது துளை

கருங்காலிமோட்டையில் ஆறு துளைகள் முடிந்தன.
எல்லாம் ஒரே கதை:
மேலே ஒரு சாண் செம்பழுப்பு,
கீழே சரளை,
அதற்கும் கீழே
நனைந்தால் சப்பாத்தைப் பிடுங்கும்,
காய்ந்தால் மண்வெட்டியை மடக்கும் களி.
நிறப் புத்தகத்தின் ஓட்டைக்குப் பின்னால்
ஒரு கட்டியைப் பிடித்து
ஐந்து வைஆர், மூன்றின் கீழ் நான்கு
என்று வாசிக்கிறேன்.
வினோஜன் எழுதுகிறான்.
காலையிலிருந்து அவனுக்குப் பசி.

ஏழாவது, அங்கம்மாவின் காணியில்.
முக்கால் ஏக்கர்.
பேர்மிற் பொலித்தீன் உறைக்குள்.
கச்சான் பிடுங்கி இரண்டு கிழமை.
"சரிவு?" என்றான் வினோஜன்.
"இரண்டு வீதம்."
அங்கம்மா சிரித்தார்.
"இதுக்குப் பேர் சரிவா?
நான் பொறந்த டிவிசன்ல
பூசணிக்காய் காம்பு விட்டா
அடுத்த தோட்டத்துக்காரன்தான் கறி வைப்பான்."

எழுபத்தேழில் லொறியில் வந்து இறங்கியபோது
அவருக்கு ஒன்பது வயது.
எனக்கும் அந்த வருடம் ஒன்பதுதான்;
நான் வவுனியாவில் வாய்ப்பாடு ஒப்புவித்துக்கொண்டிருந்தேன்.
"அப்பாவுக்கு மூணு நாளு நடை வரல.
முழங்கால் மலையத் தேடிச்சு."

காணிக்குக் குறுக்கே மூன்று கான்கள்.
முழங்கை ஆழம்.
கயிறு பிடித்து வெட்டியவை அல்ல,
நிலம் வளையும் இடத்தில் வளைந்தவை.
தட்டை நிலத்துக்கு எதற்கு என்று கேட்டேன்.
"கான் வெட்டாம மழையப் பாத்தா
எனக்குத் தூக்கம் வராது."
மண்ணரிப்பு அபாயம்: இல்லை.
காப்பு வேலை: அவசியமற்றது.
அதைத்தான் வினோஜனிடம் சொன்னேன்.
அவன் எழுதியும் விட்டான்.

நடுக் கானின் மேல்பக்கத்தில்
கருவியை ஊன்றித் திருகினோம்.
ஒரு சாண்.
ஒன்றரை.
இன்னும் கறுப்பு, இன்னும் வேர்மயிர்,
பாதியாய் வெட்டுப்பட்டு நெளிந்த ஒரு மண்புழு.
இரண்டு சாண் தாண்டித்தான் சரளை கரகரத்தது.
கானுக்குக் கீழே போட்டுப் பார்த்தேன்: ஒரு சாண்.
திரும்ப மேலே: இரண்டு.
மூன்றாம் தரமும் திருகினேன்,
நம்பாமல் அல்ல,
கொஞ்சம் வெட்கத்தில்.

இடையில் இரண்டு மாரிக்கு
அவர் இங்கே இல்லை.
கான் தூர்ந்துபோய்க் கிடந்ததாம்.
செட்டிகுளத்தில் கூடாரத்தைச் சுற்றியும்
அகப்பைக் கணையால் கான் கீறினாராம்.
"அங்க மண்ணு நிக்கல.
பாய் மட்டும் நனையல."
அதற்கு மேல் சொல்லவில்லை.
நான் படிவத்தைப் புரட்டினேன்.

நெல்: பொருந்தாது.
தென்னை: ஓரளவு.
உழுந்து, கச்சான்: பொருத்தம், இரண்டாம் தரம்.
ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற வரைபடத்தில்
இந்தக் காணி முழுதும்
என் பென்சில் முனைக்குள் அடங்கும்.
மூன்று கானுக்கு இடமேது?
சுற்றியிருக்கும் நானூறு ஏக்கரின் நிறத்தைத்தான்
இதற்கும் பூசுவார்கள்.
ஆனாலும் 'அவசியமற்றது' என்பதை வெட்டி
ஓரத்தில் எழுதினேன்:
துளை ஏழு. மேல்மண் இருமடங்கு. காரணம், கான்.
கொழும்பிலிருந்து கேள்வி வரும்,
கான் எந்த வகைப்பாட்டில் என்று.
வரட்டும்.
ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது,
பதில் எழுத நேரம் உண்டு.

வினோஜனின் முகத்தைப் பார்த்தோ என்னவோ
கொடியிலிருந்து ஒரு பூசணிக்காயை அறுத்துத் தந்தார்.
திணைக்கள வாகனத்தின் பின்தட்டில்
கருவிகளோடு அதையும் போட்டோம்.
இரண்டு வீதச் சரிவுதான்.
மாங்குளம் வரை
அது உருண்டுகொண்டே வந்தது.