மூடியின் மேல் எழுதியது

ஜூலை மாதக் கான்பெராவில்
கார்க் கண்ணாடியின் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் அலுவலகம்.
தொழிற்பயிற்சிக்குத் தரம் எழுதும் மன்றங்களை
அளப்பது என் வேலை.
கற்பவரை அல்ல, கற்பிப்பவரை அல்ல,
எது தெரிந்தால் தொழில் தெரிந்தவர் என்று
வரி வரியாகத் தீர்மானிக்கிறார்களே, அவர்களை.
உழக்குக்குள் கிழக்கு மேற்கு பார்க்கிற வேலைதான்.
மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது.

பன்னிரண்டு மன்றங்கள், ஒன்பது குறியீடுகள்.
குறித்த நாளில் முடித்தவை எத்தனை சதவீதம்,
கலந்து பேசியது எத்தனை பேரிடம்,
அவர்களில் திருப்தி அடைந்தவர் எத்தனை பேர்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.

கடலுணவு மன்றத்தின் வரிசை ரத்தச் சிவப்பு.
ஒரே ஒரு தரம், பதினொரு பக்கம்:
படகின் மீன் கிடங்குக்குள் இறங்குதல்.
எட்டு மாதத்தில் முடிய வேண்டியது
இருபத்து மூன்று மாதம் இழுத்திருக்கிறது.
'தாமதத்துக்குக் காரணம், இருநூறு எழுத்துக்குள்' என்ற பெட்டியில்
ஃபிலிப்பா ட்ரெகென்சா எழுதியிருந்தார்:
ஒரு வாக்கியம்.
மீதிப் பெட்டி காலி.

கிண்டலோ என்று விமானம் ஏறினேன்.

போர்ட் லிங்கனில் டீசலும் உப்பும் கலந்த காற்று,
கரையோரம் வரிசையாகச் சூரைப் படகுகள்.
ஆறு வரைவுகளை மேசையில் பரப்பினார் ஃபிலிப்பா.
நான்காம் பக்கம் தவிர எல்லாம் ஒன்றேபோல்.

அழுகும் மீன் விடுகிற வாயுவுக்கு
முதல் மூச்சில் நாற்றம் உண்டு.
போகப் போக இராது.
நாற்றம் போய்விட்டதென்றால்
மூக்கு போய்விட்டதென்று பொருள், என்றார்.
விழுந்தவரைத் தூக்க இறங்குபவர்தான்
இரண்டாவதாக விழுகிறார்.
அதனால் எழுதினாராம்:
விழுந்தவர் யாராயினும் உடனே இறங்கக் கூடாது.

யாராயினும்.
அந்தச் சொல்லில் தட்டிப் பதினைந்து மாதம் நின்றது.
வழக்கு வரும், எடுத்துவிடு என்றது முதலாளிகள் சங்கம்.
'கூடுமானவரை' என்று சேர் என்றது தொழிற்சங்கம்.
குரோஷிய வழிவந்த படகுக்காரர் ஸ்வோனிமிர்
கூட்டத்தில் எழுந்து நின்றார்:
"கீழே கிடப்பது என் தம்பி.
மேலே நின்று வேடிக்கை பார்த்தால்
எனக்குச் சான்றிதழ் தருவீர்களா?"

கூட்டக் குறிப்பில் இருந்தது:
பங்கேற்பாளர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.

ஃபிலிப்பா சொல்லை எடுக்கவில்லை.
படகு படகாய்ப் போய்
மேலே நிற்பவரின் அந்தச் சில நிமிடங்களுக்கு
ஒன்றரைப் பக்கம் எழுதிச் சேர்த்தார்:
கயிறு, காற்று ஊதும் குழாய், யாரை அழைப்பது,
கைகளை எதில் வைத்திருப்பது.

கருத்துக் கணிப்பில் இருபத்தேழு பேர்.
திருப்தி பதினொருவருக்கு.
ஆக, சிவப்பு சரியான நிறம்தான்.
ஸ்வோனிமிரின் தாளில் 'மிகவும் அதிருப்தி'க்கு நேரே
பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருந்தது.

மாலையில் அவர் படகுக்குப் போனேன்.
கிடங்கு மூடியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டில்,
தூரிகை பிடித்துப் பழகாத கையெழுத்தில்:
யாராயினும் இறங்காதே.
அதற்குக் கீழே வேறொரு கை, சின்னதாக:
நீயும்தான், ஸ்வோனிமிர்.
"தம்பி எழுதியது" என்றார்.

"பிறகு ஏன் அதிருப்தி என்று போட்டீர்கள்?"
"திருப்தியா என்றுதானே கேட்டீர்கள்?
சரியா என்று யார் கேட்டது?"
சொல்லிவிட்டு
வாயுமானியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்.
கத்தவில்லை அது.
இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

கான்பெராவில் நிறத்தை மாற்ற
எனக்கு அதிகாரமில்லை, மாற்றவுமில்லை.
அடுத்த ஆண்டுக்குப் பத்தாவது குறியீடாக
'இறங்காமல் நின்றவர் எண்ணிக்கை' என்று தட்டிப் பார்த்தேன்.
'தரவு எங்கிருந்து பெறப்படும்' என்ற கட்டத்தில்
சுட்டி மின்னிக்கொண்டே இருந்தது.
அழித்துவிட்டேன்.

இரண்டு நாள் என் கோட்டில் மீன் வாடை.
மூன்றாம் நாள் இல்லை.
வாடை போனதா,
மூக்கு போனதா,
பக்கத்து மேசையில் யாரையாவது
கேட்க வேண்டும்.