இயன்றவரை

அம்பத்தூர் எஸ்டேட். புதன்கிழமை ஆய்வாளர் வருகிறார்.
பாதுகாப்புக் கொள்கையின் நான்காம் பத்தியிலேயே
மூன்று நாளாக நிற்கிறேன்.

"தொழிலாளர் நலத்தை நிர்வாகம்
இயன்றவரை உறுதிசெய்யும்."

சட்டத்தில் உள்ள சொல்தான்.
இருக்கட்டும் சார், பின்னால் உதவும் என்றார்
வக்கீல் ஜெயவேலு.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கீழே ஏழாம் நம்பர் பிரஸ் இடிக்கிறது.
இரு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான்
இறங்க வேண்டிய இயந்திரம்.
ஐப்பசியில் ஆர்டர் நெருக்கியபோது
ஒரு பொத்தானில் ஐந்து ரூபாய் நாணயம் செருகி
டேப் ஒட்டியிருந்தார்கள்.
பார்த்தேன்.
ஷிப்டுக்கு நானூறு பீஸ் கூடியதையும் பார்த்தேன்.

பிரஃபுல்ல சாஹுவின் வலது கையில்
இப்போது இரண்டரை விரல்.
இ.எஸ்.ஐ. படிவத்தில் காரணம்: கவனக்குறைவு.
யாருடையது என்று எழுத
அதில் கட்டம் இல்லை.

அந்த நாணயம் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.
சில்லறை இல்லாத நாளிலும்
டீக்கு அதை எடுத்ததில்லை.

பெரும்பாலோர் அறிந்த மொழியில் ஒட்ட வேண்டும்
என்கிறது விதி.
தளத்தில் அறுபத்தொரு பேர் ஒடியாக்காரர்கள்.
நான் அடித்து வைத்திருப்பது தமிழும் ஆங்கிலமும்.

ஸ்டோரிலிருந்து சாஹுவை வரச்சொன்னேன்.
என் ஓட்டை இந்தியை
அவன் ஒடியாவாக்கி, இடது கையால் எழுதினான்,
குழந்தை எழுத்துப் போல, பெரிது பெரிதாக.

நான்காம் பத்தியில் பேனா நின்றது.
"இயன்றவரைன்னா, சார்?
எது வரைக்கும்?"

கீழே சங்கு ஊதியது. ஏழாம் நம்பர் ஓய்ந்தது.

அதை விட்டுட்டு எழுது என்றேன்.
வக்கீலிடம் நான் பேசிக்கொள்கிறேன்.