பத்துக்கு எத்தனை

வண்டி எடுத்த ஒன்பதாம் நாள் போன்.
பள்ளத்தூரில், மூன்றாம் கட்டு தாண்டிய ஓர் அறையில்
சொக்கலிங்கம் ஐயா கையில்
நரம்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே ஒரு சின்னக் குரல்:
"ரெண்டே நிமிசம்தாங்க்கா,
எங்க ஷோரூம் அனுபவத்துக்குப்
பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

நூறடி ரோட்டில் அந்தக் கண்ணாடிக் கதவை
நானாகத்தான் தள்ளித் திறந்தேன்.
வயிரவன் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
எனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று எட்டிப் பார்த்தான்.
வெயில்தான் வந்தது.

ஸ்கூட்டி அந்தப் பக்கம் மேடம்.
கியர் வண்டி வேணும்.
சாருக்கா?
எனக்கு.
கொஞ்ச நேரம் கழித்து, ஆறுதல்போல,
"செல்ஃப் இருக்கு மேடம், உதைக்க வேண்டாம்" என்றான்.
விடியுமுன் வெறும் வயிறுகளைத் தேடி
கானாடுகாத்தான், கோட்டையூர், கொத்தமங்கலம் என
ஐஸ் பெட்டியும் ஊசியுமாக எட்டு வருசம்
லேபின் பழைய வண்டியை உதைத்தே
வலது முழங்காலைத் தொலைத்தவளிடம்.

விலை தாளின் முன்பக்கம் தொடங்கிப்
பின்பக்கம் முடிந்தது.
ரோடு டேக்ஸ், இன்சூரன்ஸ், கேட்காத கிராஷ் கார்டு,
சேலையே கட்டாத எனக்குச் சேலை கார்டு,
ஹேண்ட்லிங் என்று ஓர் ஆயிரத்து எண்ணூறு.
எதைக் கையாண்டீங்க தம்பி?
அவன் மேனேஜரைப் பார்த்தான்.
மேனேஜர் காலண்டரைப் பார்த்தார்.
அறுநூறு குறைந்தது.

கடன் விண்ணப்பத்தில் கணவர் பெயருக்கு ஒரு கட்டம்.
காலியாக விட்டேன், கம்ப்யூட்டர் நகர மறுத்தது.
அப்பா பெயர் போதும் என்றார்கள்.
செத்துப் பதினோரு வருசமான சவரிமுத்து
அன்றைக்கு எனக்கு ஜாமீன் நின்றார்.

கறுப்பு கேட்டேன்.
சிவப்புதான் வந்திருந்தது.

டெலிவரி அன்று வயிரவன் கேட்டான்:
"பூசை பிள்ளையார்பட்டியா, குன்றக்குடியா?"
செக்காலை மாதா கோயில்.
கையில் எலுமிச்சம்பழத்தோடு அவன் விழிக்க,
வைங்க தம்பி, அதுக்கென்ன என்றேன்.
பழம் நசுங்கியது. கைதட்டினார்கள்.
என்னில் பாதி உயரத் தெர்மாக்கோல் சாவியொன்றைத் தந்து
படம் எடுத்தார்கள்,
எடுத்ததும் பிடுங்கிக்கொண்டார்கள்.
அதற்காக அடுத்து நின்றிருந்தார்
புதுவயல் ரைஸ்மில்காரர், குடும்பத்தோடு.

பெரியார் சிலைக்கு முன்னால் வண்டி நின்றது.
பெட்ரோல் பங்க் வரைக்கும்கூட ஊற்றவில்லை.
பொட்டு வைத்த புது வண்டியைத் தள்ளும் பெண்ணை
பஸ்ஸிலிருந்தெல்லாம் பார்த்தார்கள்.
ஷோரூமுக்குப் போன் போட்டு
நல்லாவே திட்டினேன்.
பத்து நிமிசத்தில் வயிரவன் வந்தான்,
டை தோளுக்குப் பின்னால் பறக்க,
தண்ணீர் பாட்டிலில் மஞ்சளாக அரை லிட்டர்.
"நம்ம வண்டியில இருந்து உறிஞ்சினது மேடம்.
ஆபீஸ்ல சொல்லிராதீங்க."
வாயைத் துடைத்துக்கொண்டான்.

இதற்கெல்லாம் ஓர் எண் சொல்ல வேண்டும்.

ஏழு என்றேன்.
அந்தப் பக்கம் மூச்சு நின்றது.
"அக்கா, ஒன்பது போட்டாலே எங்களுக்கு அது சைபர்தான்.
இந்த மாசம் அந்தண்ணனுக்கு
இன்சென்டிவ் போயிரும்."
உன் பேர் என்னம்மா?
தேனம்மை.
சம்பளம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஊசி பிசகியது. இரண்டாம் தடவை.
பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு
லேப் தாளை ஐயாவிடம் நீட்டுகிறேன்.
'மாதிரி எடுக்கும்போது வலி இருந்ததா?'
இந்தத் தெருக்களில் இதுவரை ஒருவரும்
ஆம் என்று குறித்ததில்லை.
முழங்கைக்குள் நீலம் பரவப் பரவ
அவரும் 'இல்லை'க்கு நேரே
பெரிய டிக் ஒன்று போடுகிறார்,
பேனா மூடியைத் திருப்பித் தருகிறார்.

பத்து போட்டுக்கம்மா.
"ரொம்ப தேங்க்ஸ்க்கா. வேற எதுவும் சொல்லணுமாக்கா?"
ஆமா.
முதல் சர்வீஸுக்கு நான் வர்றதுக்குள்ள
மிச்சம் அந்த ஆயிரத்து இருநூறு எதுக்குன்னு
மேனேஜரைக் கேட்டு வை.