பொதுமக்கள் தினம்

புதன்கிழமை ஒன்பது மணிக்கு முன்னமே
கந்தோர் வாசலில் வரிசை.
முத்தையன்கட்டுக்கு நான் விதானையாய் வந்து நாலு வருசம்,
இவ்வளவு உயரமான பெண்களைக் கண்டதில்லை.
படிவத்தில் மூன்று கட்டம்:
பெயர். முந்திய முகவரி. பொறுப்பு.
பேனை ஒன்றுதான், நூலில் கட்டியிருக்கிறது.

முதலில் வந்தவள் இனன்னா.
விடிவெள்ளி, காதல், போர் மூன்றையும்
ஒரே கட்டத்துக்குள் நெருக்கி எழுதினாள்.
பாதாளம் போன கதையைக் கேட்காமலே சொன்னாள்:
ஏழு வாசல்,
வாசலுக்கு ஒன்றாய்க் கழற்றச் சொன்னார்களாம்,
முடி, நீலமணி மாலை, இரட்டை வடம்,
மார்புக் கவசம், வளையல், அளவுகோல்,
கடைசியில் உடுத்திருந்த சீலை.
ஏனென்று கேட்டால்
கீழே இதுதான் ஒழுங்கு, வாயை மூடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன்.
ஓமந்தையில் நானும் ஏழு கழற்றினேன் அம்மா:
மணிக்கூடு, ரோச்லைற், பற்றறி, தோடு,
அப்பாவின் பென்சன் புத்தகம், தண்ணிப் போத்தல்,
ஏழாவதாய் என் தம்பி.
நீங்கள் மூன்று நாளில் திரும்பி ஏறிவிட்டீர்கள்.
நகைகளுக்குப் பற்றுச்சீட்டுத் தந்தார்களா?

அமதெராசு, யப்பான். சூரியன்.
அதற்கு இங்கே வெற்றிடம் இல்லையென்று சொல்ல
வெட்கமாயிருந்தது. குளம் அரைவாசி வற்றிக் கிடக்கிறது.
தம்பியோடு கோபித்துக் குகைக்குள் புகுந்து
கல்லால் வாசலை அடைத்தவளாம்.
எத்தனை நாள் பங்கருக்குள், என்று கேட்டேன்.
கணக்கில்லை,
வெளியே எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டு
எட்டிப் பார்த்தேன், என்றாள்.
அதை மட்டும் நான் நம்பவில்லை.

காற்றோடு வந்தவள் பெயர் ஓயா,
நைஜர் ஆற்றங்கரை.
புயலும் இடுகாட்டு வாசலும் அவள் பொறுப்பு.
தமிழிலும் பொருந்துகிற பெயர்தான்.
ஆனாலும் அந்தச் சொல் வந்து ஒட்டி
இங்கே ஒரு மணலாறு பெயர் மாறிப்போனதை
எப்படிச் சொல்ல?
மேசையில் கடுதாசியெல்லாம் பறந்தது.
வாசலைக் காட்டு, காவலிருக்க வேண்டும், என்றாள்.
வாசலைத் தோண்டி எடுத்துவிட்டார்கள்.
கற்களை எங்கே கொட்டினார்களென்று எனக்குத் தெரியாது.

இடையில் குரங்கு கூரைத் தகரத்தில் ஓடிற்று.
போட்டோக் கொப்பி மெசின் நின்றது.
வடகடலின் செட்னா ஒப்பமிட முடியாமல் நின்றாள்.
பெற்ற தகப்பனே வள்ளத்தில் வைத்து வெட்டிய விரல்கள்
சீல்களாகவும் திமிங்கிலங்களாகவும் நீந்திப் போய்விட்டனவாம்.
பெருவிரல் அடையாளத்துக்கு என்னிடம் மை இருந்தது.

வற்றாப்பளையாள் வரிசையில் நிற்கவில்லை.
அவள் கோவை பழையது, தடித்தது.
முகவரி பத்துத் தரம் வெட்டி எழுதியிருக்கிறது,
பத்தாவதோடு இருந்துவிட்டாள்.
பொறுப்பு: கொப்புளிப்பான், கண்நோய், கோபம்.
குறிப்பு: விளக்குக்கு எண்ணெய் கேட்பதில்லை,
கடல்தண்ணி போதும்.
இப்படி ஒருத்தியை எந்த அரசாங்கத்துக்கும் பிடிக்கும்.

பின்னேரம் திமீத்தர் வந்தாள். பயிர்.
மகளை நிலம் பிளந்து கொண்டுபோன வருசம்
உலகத்தில் ஒரு மணி முளைக்க விடாதவள்.
இப்போது வருசத்தில் சில மாதம் அனுப்புகிறார்களாம்.
பக்கத்துக் கதிரையில் இராசலோஜினி,
மரணச் சான்றிதழ்ப் படிவம் வேண்டாமென்று
இந்த மாதமும் சொல்ல வந்தவள்.
மாதக்கணக்கிலோ? என்றாள்.
எனக்கு ஆறு நிமிசம் விட்டால் போதும்,
தலை இழுத்துப் பின்னி அனுப்பிவிடுவேன்.
பயிரின் தெய்வம்
தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாலரைக்குப் பூட்டினேன்.
முல்லைத்தீவுக் கடைசி பஸ் போய்விட்டது.
எல்லோரையும் இராசலோஜினி
தன் லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றினாள்,
உமி மூட்டைகளுக்கு மேல்,
விடிவெள்ளி, புயல், ஈரத் தலைமுடி.
ஒட்டுசுட்டானில் மறித்து
பின்னால் எத்தனை பேர் என்று கேட்டார்களாம்.
ஒருத்தருமில்லை,
உமிதான், என்றாளாம்.