கதவுக்கு முட்டு

மீராசா கடையில்
மல்லி மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவே
கதவை அசையவிடாமல் கிடந்தது
அந்த இரும்புக் குண்டு.
யாரோ யாரையோ நோக்கிச் சுட்டது;
அல்லது சுடுவதற்குள்
சண்டை முடிந்துபோனது.

"கடைய வாங்குன அன்னைக்கே இங்கதான் கிடந்துச்சு."

துறையின் பாரத்தில் அதற்கொரு கட்டம் உண்டு:
கண்டெடுத்த விதம்.
'கால் விரலில் இடித்து' என்று எழுத
கை பரபரத்தது.

விட்டம் பதினான்கு சென்டிமீட்டர்.
எடை, அவருடைய மசாலாத் தராசிலேயே,
பதினோரு கிலோவும் கொஞ்சமும்.
கொஞ்சம் என்பது எவ்வளவு என்று சொல்லாமல்
முள் ஆடிக்கொண்டிருந்தது.
நிலை: துரு. ஒரு பக்கம் தேய்மானம்.
பள்ளங்களில் மஞ்சள் தூள்.

துடைக்க எடுத்த தூரிகையை
ரொஸ்லினா பிடித்துக்கொண்டாள்.
கருமருந்து ஒட்டியிருந்தால் துடைப்பாயா?
மஞ்சளும் அப்படித்தான்.
'சுத்தம் செய்யற்க' என்று
சிவப்பில் எழுதிக் கட்டினோம்.

"இதுக்கு எனக்கு என்ன தருவீங்க?"
"ரசீது."
"குண்டுக்கா?"
"குண்டுக்குத்தான்."
மலாய் எழுத்துகளை விரல்வைத்து வாசித்து
மின்சார பில்லோடு சேர்த்துக் குத்திவைத்தார்.

இப்போது அது கோலாலம்பூரில்,
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களுக்கு நடுவே,
எண் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு,
கழுத்தே இல்லாமல்,
எந்தக் கதவையும் தடுக்காமல்.

மூன்று மாதம் கழித்து
அதே தெருவுக்கு வந்தேன்.
சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசிய
பக்கத்துக் கடைக்காரருக்கு நோட்டீஸ்.
கடல் பக்கமிருந்து மழைக்காற்று
அஞ்சடியில் தாளையும் தூசியையும் துரத்தியது.
தெருவெல்லாம் கதவுகள் படபடத்தன,
மீராசாவின் கதவு மட்டும் அசையவில்லை.

குனிந்து பார்த்தேன்.
ஒரு செங்கல்.
நடுவில் முட்டை வடிவக் குழி,
அதற்குள் தேய்ந்த எழுத்து மூன்று,
ஆண்டு போல ஏதோ ஒன்றின் பாதி.
பேனா தானாகவே பையிலிருந்து வெளியே வந்துவிட்டது.

கல்லாவை விட்டு ஓடிவந்தார்.
"அம்மா, இதையுமா?
போன மாசம் கதவு அடிச்சு
கண்ணாடி போச்சு. நூத்தி இருபது வெள்ளி."

சட்டம் எனக்கு மனப்பாடம்.
பிரிவும் தெரியும், உட்பிரிவும் தெரியும்.

செங்கல்லைப் புரட்டி வைத்தேன்,
எழுத்து தரையைப் பார்க்க.
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்,
போகிறவர் கால் படாதபடி.
அதற்குள் மழை வந்துவிட்டது.

நூறு கிராம் சீரகம் வாங்கினேன்.
"ரசீது?" என்றார்.
வேண்டாம் என்றேன்.